ஆடும் தூண், இழுபடும் படலை: பின்வளவு மரவேலிக்கு அறிகுறி பார்த்துச் செய்யும் வைத்தியம்

ஏப்ரல் மாதம் பனி உருகி மண் இளகியதும் என் தொலைபேசி ஓயாது. ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று எங்கிருந்து அழைத்தாலும் கதை ஒன்றுதான்: வேலி சாய்ந்துவிட்டது, படலை (வேலிக் கதவு) மூடவில்லை, போட்டு நாலு வருடம்கூட ஆகவில்லை. கனடாவின் ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பதினெட்டு வருடமாக மரவேலி போட்டும் திருத்தியும் வருகிறேன். திருத்தப் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு கண்ணுக்குத் தெரியும் பலகையில் இல்லை. மண்ணுக்குக் கீழே, வேலை முடிந்த பிறகு யாரும் பார்க்க முடியாத அந்த நான்கு அடியில் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் வேலி ஆண்டுதோறும் அடைக்கிற பொருள். கதியால், அதாவது நட்ட பச்சைத் தடி, வேர்விட்டு நிற்கும். இற்றுப்போன கிடுகை (பின்னிய தென்னோலையை) மாற்றிக் கட்டினால் போதும். இங்கே ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து ஒருமுறை போட்டால் இருபது வருடமாவது அது நிற்க வேண்டும். நிற்காதபோது எங்கே பார்ப்பது, எதை நீங்களே சரிசெய்யலாம், எப்போது ஆளைக் கூப்பிடுவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வேலியில் தெரிகிற அறிகுறியின் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் தின்கிற காரணம் கடைசியில் வரும்.

கையில் வேண்டியவை: ரசமட்டம், நீளமான ஸ்க்ரூ டிரைவர், கெட்டியான நூல், அளவு நாடா, மண்வெட்டி. அலவாங்கு (கடப்பாரை) இருந்தால் இன்னும் நல்லது.

அறிகுறி 1: ஒரு தூண் மட்டும் ஆடுகிறது

நெஞ்சு உயரத்தில் தூணைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும்படி இன்னொருவரிடம் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் குந்தியிருங்கள். தூணின் தலையைப் பார்க்க வேண்டாம். அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

*1அ. தூணும் கொங்கிறீட்டும் சேர்ந்து ஆடுகின்றன, சுற்றியுள்ள மண் பிளந்து மூடுகிறது*

முதலில் தண்ணீரைத் தேடுங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய் அந்தத் தூணை நோக்கித் திரும்பியிருக்கிறதா? பக்கத்து வளவின் தண்ணீர் அங்கே வந்து தேங்குகிறதா? அப்படியானால் நீட்டுக் குழாய் ஒன்று மாட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டு, மே மாதம் நடுப்பகுதி வரை பொறுங்கள். மண் காய்ந்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் சுற்றிலும் மண்ணைப் போட்டு, அலவாங்கின் அடியால் இடித்து இறுக்கினால் போதும்.

காய்ந்த மண்ணிலும் ஆடினால் ஆழத்தை அளக்க வேண்டும். தூணின் ஒரு பக்கத்தில் மட்டும் கொங்கிறீட்டின் ஓரமாகத் தோண்டிக்கொண்டு போங்கள். கொங்கிறீட் எங்கே முடிகிறது? நான்கு அடிக்கு முன்பே முடிந்தால் (ஏன் நான்கு அடி என்பதை அறிகுறி 3இல் பாருங்கள்), மேலே இன்னும் இரண்டு மூட்டை கொங்கிறீட் ஊற்றுவதால் பயனில்லை. பனிக்காலத்தில் மண் பிடித்துத் தூக்குவதற்கு அது இன்னும் அகலமான தலையைக் கொடுக்கும். தூணை எடுத்துப் புதிதாக நட வேண்டும்.

*1ஆ. கொங்கிறீட் அசையவில்லை, தூண் மட்டும் அதற்குள் ஆடுகிறது*

ஈரமாக நட்ட மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் இது மலிவான கோளாறு. தூணுக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவே அடித்து இறக்கும் எஃகுத் தகடு வன்பொருள் கடைகளில் கிடைக்கிறது. தகட்டை இறக்கி, திருகாணிகளால் தூணோடு பிணைத்து, மிஞ்சிய இடைவெளியை நன்றாகக் காயவிட்ட பின் வெளிவேலைக்கான பொலியூரெத்தேன் பசையால் அடைத்துவிடுங்கள். அந்த இடைவெளியைத் திறந்தபடி விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி, இரண்டு மூன்று வருடத்தில் நீங்கள் அடுத்த தலைப்புக்கு வந்து சேருவீர்கள்.

*1இ. தூண் தரைமட்டத்தில் மடிகிறது*

இது உளுத்தல். ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். போன வருடம் ஸ்காபரோவில் ஓர் அம்மா, தூண் நன்றாகத்தான் இருக்கிறது, காற்றுக்குத்தான் ஆடுகிறது என்று சொல்லிக் கூப்பிட்டார். மேலே தட்டினால் கணீர் என்று சத்தம். தூணின் அடியில் குவித்திருந்த மரத்தூள் உரத்தை விலக்கினேன். ஐந்து அங்குல உயரத்துக்குக் கறுத்த, ஈரமான மரம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினேன். பிடி வரைக்கும் போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியில் ஒட்டியிருந்தது மரமில்லை, நனைந்த தேயிலைச் சக்கை போன்ற ஏதோ ஒன்று. ஒரு முழம் மேலே அதே தூண் புதிதாக வந்தது போல இருந்தது. காற்றும் ஈரமும் ஒன்றாகக் கிடைப்பது தரைமட்டத்தை ஒட்டிய அந்தச் சில அங்குலங்களில்தான்.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

- தூணைச் சுற்றி மண்ணோ மரத்தூள் உரமோ குவிந்திருக்கிறதா? உடனே விலக்குங்கள். இதற்குச் செலவே இல்லை.
- கொங்கிறீட்டின் மேற்பக்கம் கிண்ணம் போலக் குழிந்து தண்ணீர் பிடிக்கிறதா? தூணிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி சாந்து பூசுங்கள்.
- தூணின் அடிமுனை கொங்கிறீட்டுக்குள் முழுதாக மூடப்பட்டிருக்கிறதா? அப்படி மூடினால் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. அடியில் ஆறு அங்குலம் சல்லி போட்டு, அதன் மேல் தூணை நிறுத்தியிருக்க வேண்டும். இதைத் தோண்டாமல் அறிய முடியாது.
- வெட்டிய முனை கீழே போயிருக்கிறதா? காப்பு மருந்து மரத்தின் வெளிச்சுற்றில்தான் ஆழமாக ஏறியிருக்கும், நடுவே ஏறாது. நீளம் சரிசெய்ய வெட்டினால் வெட்டிய முனை மேலே வர வேண்டும், ஆலையிலிருந்து வந்த முனை மண்ணுக்குள் போக வேண்டும். மேலே வரும் வெட்டுக்கும் முனை மருந்து பூச வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர் அரை அங்குலத்துக்குள் நின்றுவிட்டால், உளுத்ததைச் சுரண்டி, காயவிட்டு, மருந்து பூசி, மேலே சொன்ன எஃகுத் தகட்டைப் போட்டுச் சில வருடம் ஓட்டலாம். அதற்கு மேல் இறங்கினால் தூணை மாற்றத்தான் வேண்டும். கொங்கிறீட் ஆழமாகவும் அசையாமலும் இருந்தால், உளுத்த அடிக்கட்டையைத் துளையிட்டுப் பிடுங்கிவிட்டு அதே குழிக்குள் புதிய தூணை இறக்குவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஆளைக் கூப்பிடும் எல்லை: மூன்று தூணுக்கு மேல் கெட்டிருந்தாலும், கெட்டது படலைத் தூணாக இருந்தாலும், பக்கத்தில் எரிவாயுக் குழாய் போனாலும் தனியாக இறங்க வேண்டாம்.

அறிகுறி 2: வரிசை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது

வேலியில் என்ன சாய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பனிக்காலம் முழுக்க வழித்தெடுத்த பனியைக் குவித்தது அந்தப் பக்கமா? பக்கத்து வீட்டார் தோட்டத்தை உயர்த்தி வேலியோடு மண்ணை அணைத்திருக்கிறார்களா? மரவேலி மண்ணைத் தாங்கும் மதில் இல்லை. ஓர் அடி மண் அணைத்தாலே அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். நம்மவர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: பாகலும் புடலும் படரப் பந்தல் போட்டு, பந்தலின் ஒரு பக்கத்தை வேலியில் கட்டுவது. காய்த்துத் தொங்கும் கொடியில் மழையும் ஏறி, ஓகஸ்ட் மாதத்துக் காற்றும் அடிக்கும்போது அந்தப் பாரம் முழுதும் வேலித் தூணுக்குத்தான் போகிறது. பந்தலுக்குத் தனிக்கால் நடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் காற்றும் ஆழமும்தான் காரணம். எட்டடி இடைவெளியில் ஆறடி உயரத்துக்கு இடைவெளியில்லாமல் பலகை அடித்தால், இரண்டு தூண்களுக்கு நடுவே 48 சதுர அடிப் பாய்மரம் ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். 2022 மே 21ஆம் திகதி தெற்கு ஒன்ராறியோவைக் கடந்த அந்தப் பெருங்காற்றுக்குப் பிறகு பல தெருக்களில் நடந்து பார்த்தேன். ஒரே தெருவில், ஒரே உயரத்தில், ஒரு வேலி படுத்துக் கிடக்கும், அடுத்தது நிற்கும். படுத்தவற்றின் தூண்களோடு வெளியே வந்திருந்த கொங்கிறீட்டை நாடா வைத்து அளந்தேன். நான்கு அடி இருந்த ஒன்றையும் நான் காணவில்லை.

செய்ய வேண்டியது: தூண்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கவும். எட்டடிக்கு மேலே இருந்தால் நடுவே ஒரு தூண் சேர்க்கலாம். முழுதும் பிடுங்க வேண்டியதில்லை. தூரம் சரியென்றால், ஒரு தூணின் ஓரத்தில் தோண்டி ஆழத்தைப் பார்க்கவும். ஆழம் இருக்கிறது, மண் மட்டும் இளகியிருக்கிறது என்றால், கயிற்று இழுவையால் நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, மண்ணை இடித்து இறுக்கலாம். ஆழம் இல்லையென்றால் நிமிர்த்துவது அடுத்த புயல் வரைக்கும்தான். பலகைச் சட்டங்களைக் கவனமாகக் கழற்றி வைத்துக்கொண்டு தூண்களை மட்டும் புதிதாக நடும்படி கேளுங்கள். பலகை நல்லதென்றால் முழு வேலிக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முழுதும் மாற்றத்தான் வேண்டும் என்று சொல்கிறவரிடம் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: தூண் மேலே எழும்பியிருக்கிறது

வேலியின் தலை நேர்கோடாக இல்லாமல் அலைபோல் தெரியும். வரிசையின் இரு முனைகளிலும் உள்ள தூண்களுக்கு நடுவே நூல் கட்டிப் பாருங்கள். இடையில் உள்ள ஒன்று நூலை முட்டி நின்றால், உறைபனி அதைத் தூக்கியிருக்கிறது.

இந்தப் பகுதியில் மண் உறையும் ஆழமாகக் கட்டட வேலைக்காரர் கணக்கெடுப்பது 4 அடி, அதாவது 1.2 மீற்றர். அதற்கு மேலே நிற்கும் அடித்தளத்தை உறைந்த களிமண் பக்கவாட்டில் பிடித்து, ஒவ்வொரு பனிக்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். வசந்தத்தில் அது முழுதாக இறங்காது, அடியில் மண் விழுந்துவிடும்.

ஏஜாக்ஸில் ஒரு வீட்டில் அப்படியொரு தூணை நானும் என் உதவியாளரும் கையால் பிடித்தே தூக்கிவிட்டோம். அடியில் 22 அங்குலக் கொங்கிறீட், மேலே அகன்று கீழே ஒடுங்கி, காளான் போல. குழி தோண்டும்போது வாய் இடிந்து அகலமாகியிருக்கிறது. அதைச் சீராக்காமல் அப்படியே ஊற்றியிருக்கிறார்கள். உறைந்த மண் அந்தக் காளான் தலைக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கியிருக்கிறது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். மூன்று வருடத்துக்கு முன்பு அதற்கு முழுப்பணமும் கொடுத்திருந்தார்.

இதற்கு மலிவு வைத்தியம் இல்லை. எழும்பிய தூணின் தலையை அறுத்து மட்டமாக்குவது கண்ணைத்தான் ஏமாற்றும். பிடுங்கி, நாலடிக்குக் கீழே தோண்டி, அடி மேலைவிடச் சற்று அகலமாக, பக்கம் வழுவழுப்பாக இருக்கும்படி அட்டைக் குழாய் இறக்கி ஊற்ற வேண்டும். ஒன்றிரண்டு தூண் என்றால் கைதேர்ந்தவர் தாமே செய்யலாம். வரிசையே அலையாடினால் ஒப்பந்தக்காரர் வேலை.

அறிகுறி 4: படலை இழுபடுகிறது, தாழ்ப்பாள் பொருந்தவில்லை

பிணைச்சல், அதாவது கீல், அதன் திருகாணிகளை முதலில் இறுக்குங்கள். பாதிப் படலைகள் இதோடு சரியாகிவிடும். திருகாணி பிடிக்காமல் சுற்றினால் அதைவிட நீளமான, தடித்த ஒன்றைப் போடுங்கள்.

அடுத்து, படலையின் குறுக்கு மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இல்லையென்றால் படலைச் சட்டமே சரிந்திருக்கிறது. சாய்வுக் கட்டை எந்தப் பக்கம் போகிறது? மரக்கட்டை என்றால் பிணைச்சல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கித் தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். கம்பி இழுவை என்றால் நேர்மாறு: பிணைச்சல் பக்கத்து மேல்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ்மூலைக்கு. கட்டையைத் தலைகீழாகப் போட்ட படலைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கழற்றித் திருப்பிப் போட ஒரு மணி நேரம் போதும். புதிதாகச் செய்ய நினைக்காதவர்களுக்குத் திருகி இறுக்கும் கம்பி இழுவைப் பெட்டி கடையில் கிடைக்கிறது.

சட்டமும் சரி, பிணைச்சலும் சரி என்றால் ரசமட்டத்தைத் தூணில் வையுங்கள். படலைத் தூண் மற்றத் தூண்களைவிடத் தடிப்பாக, ஆறுக்கு ஆறு அங்குலமாக இருக்க வேண்டும். நாலுக்கு நாலில் நாலடிப் படலையைத் தொங்கவிட்டால் அது சாய்ந்தே தீரும். இங்கே அறிகுறி 1க்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி 5: பலகை வளைகிறது, பிளக்கிறது, ஆணி வெளியே தள்ளுகிறது

ஆணி வெளியே வந்தால் மறுபடி அடிக்காதீர்கள். அதே துளைக்குப் பக்கத்தில் திருகாணி போடுங்கள். குறுக்குச் சட்டம் எத்தனை என்று எண்ணுங்கள். ஆறடி வேலிக்கு மூன்று வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் நடுவே பலகை பிடிப்பில்லாமல் முறுகும். மூன்றாவது சட்டத்தைச் சேர்ப்பது மலிவு, பலனும் கண்கூடு.

மருந்தேற்றிய பலகை ஆலையிலிருந்து ஈரமாகவே வரும். காயும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே சிறிது இடைவெளி விழுவது இயல்பு. அது பழுது இல்லை. இடைவெளி தெரியவே கூடாது என்பவர்கள் பலகை மேல் பலகை ஏறும் முறையில் போடச் சொல்ல வேண்டும். பலகையின் அடி மண்ணைத் தொட்டால் கீழிருந்து ஈரம் ஏறும். இரண்டு அங்குலம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்.

அறிகுறி 6: நிறம் மாறுகிறது

சாம்பல் நிறம் வெயிலால் வருவது, மரம் கெடவில்லை. பச்சையும் கறுப்புமான பூச்சு பாசியும் பூஞ்சணமும். ஒட்சிசன் வகை வெளுப்புத்தூளைக் கரைத்து, மென்மையான தூரிகையால் கழுவினால் போகும். அழுத்தத் தண்ணீர்ப் பொறியைக் கிட்டப் பிடித்தால் மரத்தின் நார் கிளம்பிவிடும்.

ஆணித் தலையிலிருந்து கண்ணீர் வழிந்ததுபோலக் கறுப்புக் கோடு இறங்கினால் அது வேறு விஷயம். சீடர் (cedar) மரத்தின் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது, அல்லது மருந்தேற்றிய மரத்தில் உள்ள செம்பு மலிவு ஆணியை அரிக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: சூட்டில் தோய்த்து நாகம் (துத்தநாகம்) பூசிய திருகாணி, அல்லது துருப்பிடிக்காத எஃகு. பளபளவென்று மின்முலாம் மட்டும் பூசியது சில வருடத்தில் தலை கழன்றுவிடும்.

வர்ணம் உரிந்தால், பூசுவதற்கு முன் மரம் காயவில்லை என்று பொருள். பலகையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். மணிமணியாக நின்றால் இன்னும் பொறுங்கள், உறிஞ்சினால் பூசலாம்.

அறிகுறி 7: மரத்தூள் உதிர்கிறது, துளை தெரிகிறது

அரை அங்குல அகலத்தில் வட்டமான, துரப்பணம் போட்டதுபோன்ற துளை என்றால் தச்சுத் தேனீ. இலையுதிர் காலத்தில் அடைத்து வர்ணம் பூசினால் போதும். அடியில் மரத்தூள் குவியலும் பெரிய கறுப்பு எறும்பும் தெரிந்தால், ஈரமாகி உளுத்த மரத்தில் எறும்பு கூடு வைத்திருக்கிறது; எறும்பைவிட ஈரம்தான் மூலநோய்.

தூணில் பென்சில் தடிப்பில் மண் குழாய் ஏறினால் கறையான். கறையானை ஊரோடு விட்டுவிட்டு வந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் நிலத்தடிக் கறையான் நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் குழாயைச் சுரண்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வேலியிலிருந்து வீட்டுக்குப் போக அதற்கு வெகுதூரமில்லை. உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரை அன்றே கூப்பிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்: எந்த மரம்?

என் பரிந்துரை நீண்ட காலமாக மாறவில்லை: தூணுக்கு மருந்தேற்றிய மரம், பலகைக்கு வசதி இருந்தால் சீடர், இல்லையென்றால் மருந்தேற்றியதே. முழுதும் சீடர் அழகுதான். ஆனால் உளுத்தலைத் தாங்குவது அதன் சிவந்த உள்மரம். ஓரத்து வெளிறிய மரம் தாங்காது. கடையில் வாங்கும் சீடர்த் தூணில் இரண்டும் கலந்தே இருக்கும்.

மருந்தேற்றிய தூணை வாங்கும்போது முனையில் தைத்திருக்கும் சிறு அட்டையைப் படியுங்கள். அது மண்ணுக்குள் போகத் தகுந்தது என்று எழுதியிருக்க வேண்டும். மண்ணுக்கு மேலே மட்டும் பாவிக்க மருந்தேற்றியதும் அதே பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது.

பழைய வேலியைப் பிடுங்குகிறவர்களுக்கு ஒன்று: 2003ஆம் ஆண்டு முடிவு வரை வீட்டுப் பாவனைக்கு விற்ற மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருந்தது. அந்தத் தூணைத் துண்டுபோட்டுக் கீரைப் பாத்திக்கு வரம்பு கட்டாதீர்கள். எந்த மருந்தேற்றிய மரத்தையும் எரிக்காதீர்கள்.

அறிகுறி 8: ஒப்பந்தக்காரரிடம் தெரிகிற கோளாறுகள்

இதுவரை சொன்ன அறிகுறிகளில் முக்கால்வாசி, பேப்பரில் கையெழுத்திடும் நாளிலேயே தெரிந்திருக்கும்.

*8அ. மதிப்பீடு ஒரே வரியில் இருக்கிறது*

"60 அடி வேலி, இத்தனை டொலர்" என்று மட்டும் இருந்தால் அது மதிப்பீடு இல்லை. கோபப்பட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தூண் எத்தனை அடி நீளம்? ஆறடி வேலிக்கு நாலடி மண்ணுக்குள் போக வேண்டுமானால் பத்தடித் தூண் வேண்டும். எட்டடித் தூண் என்று பதில் வந்தால், மண்ணுக்குள் இரண்டடிதான் போகப்போகிறது. ஆழத்தைப் பற்றி அவர் வேறு என்ன சொன்னாலும் கணக்கு மாறாது.

இந்தக் கேள்வியை நான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் இதைக் கேட்கலாம்.

எழுத்தில் வர வேண்டியவை: தூணின் நீளமும் தடிப்பும், குழியின் ஆழமும் அகலமும், தூண்களின் இடைவெளி, குறுக்குச் சட்டத்தின் எண்ணிக்கை, பலகையின் மரம், திருகாணியின் வகை, பழைய வேலியையும் தோண்டிய மண்ணையும் யார் அகற்றுவது, விற்பனை வரி 13 சதவீதம் சேர்ந்ததா இல்லையா.

*8ஆ. இரண்டு மதிப்பீட்டுக்கு நடுவே பெரிய வித்தியாசம்*

குறைந்ததை உடனே பிடிக்கவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். கொங்கிறீட் மூட்டையைக் கணக்கிடுங்கள். பத்து அங்குல அகலக் குழியில் நாலடிக்கு ஊற்ற, தூண் பிடிக்கும் இடம் போக, சுமார் 52 லீற்றர் கொங்கிறீட் வேண்டும். 30 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ 14 லீற்றர் தரும். ஆகவே ஒரு தூணுக்கு நான்கு மூட்டை. 60 அடி வேலிக்கு ஒன்பது தூண், 36 மூட்டை. இரண்டு பேரிடமும் எத்தனை மூட்டை போடுவீர்கள் என்று கேளுங்கள். வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆழமும் பொருளும் ஒன்றாக இருந்தும் ஒருவர் குறைவாகக் கேட்டால், அவர் மலிவாகச் செய்கிறார், அவரை எடுங்கள்.

*8இ. நிலத்தடிக் குழாய்களைப் பற்றிப் பேச்சே இல்லை*

ஒன்ராறியோவில் மண்ணைத் தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவையிடம் கேட்பது சட்டக் கட்டாயம், கட்டணம் கிடையாது. அவர்கள் மூலம் ஆட்கள் வந்து புல்லில் நிறம் அடித்துவிட்டுப் போவார்கள்: மஞ்சள் எரிவாயு, சிவப்பு மின்சாரம், செம்மஞ்சள் தொலைபேசியும் இணையமும், நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர். நாளைக்கே வந்து தோண்டுகிறேன் என்பவர் இதைச் செய்யப்போவதில்லை. எரிவாயுக் கோட்டுக்கு ஒரு மீற்றருக்குள் பொறியால் தோண்டக் கூடாது, கையால்தான். வீட்டிலிருந்து வாகனக் கொட்டகைக்கோ நீச்சல் தடாகத்துக்கோ நீங்களே இழுத்த கம்பியையும் குழாயையும் அவர்கள் குறிக்க மாட்டார்கள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

*8ஈ. எல்லையைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்*

கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமல் இருந்த குடும்பங்களை நம்மில் பலருக்குத் தெரியும். பழைய வேலி நின்ற இடம்தான் எல்லை என்று நம்பாதீர்கள். வீடு வாங்கியபோது கிடைத்த நில அளவைப் படத்தை எடுத்து, மூலைகளில் புதைந்திருக்கும் இரும்புக் குறியைத் தேடுங்கள். அதைப் பிடுங்குவது குற்றம். கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டாரும் ஒத்துவரவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் முடிவு சொல்ல முடியும். அந்தச் செலவு வழக்குச் செலவைவிடக் குறைவு. உயரத்தையும் நகரசபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் பின்வளவு வேலி பொதுவாக 2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. மற்ற ஊர்களுக்குத் தனி விதி. நீச்சல் தடாகம் இருந்தால் அதற்கு வேறு விதி, வேறு அனுமதி.

*8உ. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார், பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வரி மிச்சம் என்கிறார்*

பற்றுச்சீட்டு இல்லாத வேலிக்கு உத்தரவாதமும் இல்லை. முன்பணம் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மரம் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, தூண் நட்டதும் ஒரு பங்கு, படலை சரியாக மூடியதும் மீதி. பொறுப்புக் காப்புறுதிச் சான்றும், வேலையிடக் காப்புறுதிச் சபையின் சான்றும் கேளுங்கள். உங்கள் வளவில் ஒரு தொழிலாளி விழுந்தால் அப்போதுதான் அந்தத் தாளின் பெறுமதி தெரியும்.

வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமை ஒன்ராறியோ நுகர்வோர் சட்டத்தில் உண்டு. ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதப்பட்டிருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்கவும் முடியாது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் இதைச் சொல்லி வையுங்கள்.

*8ஊ. வேலை நாளில் குழியைப் பார்க்க விடவில்லை*

மூட்டைகள் இறங்கும்போது எண்ணுங்கள். குழிகள் தோண்டி முடிந்ததும், கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன், ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை இறக்கி ஒரு படம் எடுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்; நான் என் வேலைகளில் நானே எடுத்து அனுப்பிவிடுகிறேன். பாறையோ வேரோ தடுத்து ஒரு குழி ஆழம் போகவில்லை என்றால் அதை அவரே வந்து சொல்வார், தூணைச் சற்றுத் தள்ளி நடுவார்.

*8எ. வேலி சாய்ந்துவிட்டது, தொலைபேசியை எடுக்கவில்லை*

முதலில் அறிகுறி 1இலும் 3இலும் சொன்ன அளவுகளை எடுத்துப் படத்தோடு எழுதி வையுங்கள். பிறகு ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு எழுத்தில் அனுப்பித் திருத்துவதற்குத் திகதி ஒன்று கொடுங்கள். பதில் இல்லையென்றால் இன்னொருவரிடம் திருத்தும் செலவுக்கு மதிப்பீடு வாங்கிக்கொண்டு சிறுகோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாம். கோளாறு தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருடம்தான் அவகாசம். அங்கே போய் நிற்கும்போது, குழிக்குள் நாடா இறங்கிய அந்தப் படமும், "தூண் 10 அடி" என்று எழுதிய அந்த ஒரு வரியும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.